பதவிக்கு உட்பட்டது எது, வீட்டுக்கு உட்பட்டது எது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் வழக்கறிஞராக இருக்கிறேன். கல்லூரி நாளில் கபடி ஆடியவன். அதனால் இந்தப் பக்கத்து விளையாட்டுச் சங்கங்களில் ஏதாவது சண்டை சச்சரவு என்றால் என்னைத் தேடி வருவார்கள். ஒரு விளையாட்டு நிர்வாகியின் சொந்த வாழ்க்கையைப் பத்திரிகை தெருவுக்கு இழுத்து வருவது சரிதானா என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2008இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. மேக்ஸ் மோஸ்லி என்பவர் அப்போது எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் தலைவர். ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு விதிமுறை வகுக்கிற அமைப்பு அது. அந்த வருஷம் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற பத்திரிகை முதல் பக்கத்தில் அவருடைய அந்தரங்கத்தைப் போட்டது. பூட்டிய வீட்டுக்குள் ஐந்து பெண்களோடு அவர் இருந்ததை, அந்தப் பெண்களில் ஒருவரே உடைக்குள் கேமராவை மறைத்து வைத்துப் படமெடுத்திருந்தார். அவருக்கு 25,000 பவுண்டு தருவதாகச் சொல்லியிருந்தது பத்திரிகை. கையில் கொடுத்தது 12,000.

மோஸ்லியின் தகப்பனார் ஆஸ்வால்ட் மோஸ்லி, 1930களில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவராக இருந்தவர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, மகன் அந்த அறைக்குள் நாஜிகளைப் போல வேஷம் கட்டி நடித்தார் என்று பத்திரிகை எழுதியது. அதனால்தான் இது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி என்பது அவர்களுடைய வாதம். நீதிபதி டேவிட் ஈடி சாட்சியங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஜூலை 24இல் தீர்ப்புச் சொன்னார். நாஜி வேஷத்துக்கு ஆதாரம் இல்லை. வயதுக்கு வந்தவர்கள், தங்கள் சம்மதத்தோடு, சொந்த இடத்தில் செய்ததைப் படம்பிடித்து விற்க யாருக்கும் உரிமை இல்லை. 60,000 பவுண்டு நஷ்டஈடு. அந்த நாட்டில் அந்தரங்க வழக்கு ஒன்றில் அதுவரை யாருக்கும் அவ்வளவு தொகை கிடைத்ததில்லை.

இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தொகை இல்லை. வதை முகாம்களில் யூதர்கள் பட்ட துன்பத்தை அவர் உண்மையிலேயே கேலி செய்து நடித்திருந்தால், அது அவர் வகித்த பதவியைத் தொடும், அப்போது வெளியிடுவதில் நியாயம் இருந்திருக்கலாம் என்றும் அந்த நீதிபதி ஒத்துக்கொண்டார். பல நாட்டு மக்களுக்குப் பொதுவான ஓர் அமைப்பின் தலைவர் ஒரு இனத்தின் சாவைக் கேலி செய்தால் அந்த அமைப்பில் இருப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது அவர் பார்க்கிற வேலையைத் தொடுகிறதா? தொட்டால் எழுதலாம். தொடாவிட்டால், எத்தனை பேர் படிக்க ஆசைப்பட்டாலும் அது அவர் வீட்டு விஷயம்.

அந்தப் பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் வாரச் செய்தி வந்த பிறகு, பத்திரிகையின் நிருபர் அவர்களில் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் கதையை எங்களுக்குச் சொன்னால் முகத்தை மறைத்துப் போடுகிறோம், பணமும் தருகிறோம், சொல்லாவிட்டால் படத்தை அப்படியே போட்டுவிடுவோம் என்ற பொருளில். இது மிரட்டல்தான் என்று நீதிபதி கண்டித்தார். பெரிய மனிதருக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு, நீதிமன்றத்தில் நின்று பேச நாக்கும் உண்டு. அவரோடு சேர்த்துப் படத்தில் விழுந்தவர்களுக்கு என்ன உண்டு? எந்தச் செய்தியிலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாம் ஆளைத்தான். மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், பெயர் போடாத அந்தப் பெண்ணாக இருக்கலாம்.

நம் தமிழ்நாட்டுக்கும் இது பழைய வியாதிதான். 1940களில் சென்னையில் 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று லட்சுமிகாந்தன் நடத்திய பத்திரிகைகள் நடிகர் நடிகைகளின் படுக்கையறைச் சேதிகளை எழுதியே விற்றன. 1944 நவம்பரில் அவர் குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும், நம் பக்கத்து நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947இல்தான் விடுதலையாகி வெளியே வந்தார்கள். பாகவதரின் சினிமா வாழ்க்கை அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். பெயர், ஊர், ஆட்டம் எதுவும் சொல்ல மாட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சங்கத்தின் செயலாளர் மேல் ஆட்டக்காரப் பையன்களுக்குப் பெரிய மனக்குறை. வெளியூர் போட்டிக்குப் போக வந்த பயணப்படி கைக்கு வரவில்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் கழிவறைப் பக்கம் உட்கார்ந்துகொண்டே கோயம்புத்தூர் வரை போய், விடிந்ததும் களத்தில் இறங்கியிருக்கிறார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். நான்கு பையன்கள் ஒரு நோட்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். எந்தத் தேதி, எந்தப் போட்டி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பைசா விடாமல் எழுதியிருந்தார்கள். கடைசிப் பையன் ரப்பர் வைத்து அழித்து அழித்துக் கூட்டல் போட்டிருந்த இடத்தில் தாளே தேய்ந்து போயிருந்தது.

அந்த மனுவை நாங்கள் கொடுக்கும் முன்பே, அந்தச் செயலாளர் ஒரு லாட்ஜ் வாசலில் ஒரு பெண்ணோடு நிற்கிற வீடியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் போண்டா சுற்றிக் கொடுக்கும் நேரத்தில்கூட, "என்ன அண்ணாச்சி, அந்த வீடியோ உங்களுக்கு வந்துச்சா?" என்பதுதான் பேச்சு. ஒரு வாரத்தில் பத்திரிகைப் போஸ்டரும் கடை வாசலில் தொங்கியது. அவர் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேனில் ஏற மறுத்து வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அவர் ராஜினாமா செய்தார்.

அதோடு கணக்குக் கேட்கிற பேச்சும் போயிற்று. "அதான் போயிட்டாரே, இன்னும் என்னத்துக்கு அவரைத் தோண்டுதீக?" என்று புதிய நிர்வாகிகள் பையன்களிடம் சொன்னார்கள். ரொக்கப் புத்தகம் கடைசிவரை கிடைக்கவில்லை. பயணப்படி பாக்கி இன்றுவரை பாக்கிதான். என் கோபமெல்லாம் இதில்தான். ஊர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த நோட்டுத் தாளில் இருந்தது. ஊர் பார்த்தது லாட்ஜ் வாசலை. அந்தரங்கத்தைத் தோண்டினால் அதிகாரத்தில் இருப்பவன் திருந்துவான் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பல நேரம் அந்தச் சத்தம்தான் அவனைத் தப்பிக்க வைக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் இப்படிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, "சரியாச் சொன்னீக, பயிற்சியாளர் சொந்த வாழ்க்கையில் நாம் ஏன் தலையிடணும்" என்று யாராவது சொன்னால், இல்லை என்பேன். தன் கீழே ஆடுகிற பெண்ணிடம் ஒரு பயிற்சியாளரோ நிர்வாகியோ தவறாக நடந்தால் அது சொந்த வாழ்க்கை ஆகாது. அணியில் இடம் கொடுப்பதும் எடுப்பதும் அவர் கையில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று சொல்லவே முடியாது. 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகத்தும் சாக்‌ஷி மாலிக்கும் மற்ற மல்யுத்த வீராங்கனைகளும் உட்கார்ந்தது இதற்காகத்தான். ஏப்ரலில் அவர்கள் உச்ச நீதிமன்றம் போன பிறகே போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி இருக்க வேண்டிய உள் புகார்க் குழு இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பில் முறையாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கே அந்த நிலை என்றால், முக்கூடலிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருகிற பதினைந்து வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? இந்த மாதிரி விஷயத்தைப் பத்திரிகை எழுதத்தான் வேண்டும், அதிலும் விடாமல் எழுத வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் மட்டும் தொடக்கூடாது.

அப்படியானால் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று முன்கூட்டியே தடுக்க ஒரு வழி வேண்டாமா? மோஸ்லியும் இதைத்தான் கேட்டார். அவருடைய வீடியோவை நிறுத்தச் சொல்லி 2008 ஏப்ரலில் கேட்டபோது, முதல் இரண்டு நாளிலேயே இணையத்தில் பதினான்கு லட்சம் தடவை அது பார்க்கப்பட்டுவிட்டது. அணை உடைந்துபோயிற்று, இனி நான் தடை போட்டுப் பயனில்லை என்று அதே நீதிபதி ஈடி சொல்லிவிட்டார். பாபநாசத்தில் திறந்த தண்ணீரைச் சீவலப்பேரியில் நின்று திருப்பி அனுப்ப முடியுமா? அதனால் மோஸ்லி ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். வெளியிடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவருக்குப் பத்திரிகை தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் வேண்டும் என்றார். 2011 மே 10இல் அவர் தோற்றார். அப்படி ஒரு சட்டம் வந்தால் நல்ல செய்தியை எழுதுகிறவர்களும் பயந்து பின்வாங்குவார்கள் என்றது நீதிமன்றம்.

அதே முடிவுக்கு நம் உச்ச நீதிமன்றம் 1994லேயே வந்துவிட்டது. அதுவும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தது. அதில் தங்கள் பெயர் வரும் என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் தம்மைச் சும்மா விடும்படி கேட்கிற உரிமை உண்டு, அது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றது. ஆனால் அதிகாரிகள் தங்கள் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றி எழுதும்போது இந்த உரிமையைக் கவசமாகப் பிடிக்க முடியாது, முன்கூட்டித் தடை போடவும் முடியாது என்றது. பின்னால் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள்.

முன்தடை வேண்டாம் என்பதை நான் மனமார ஏற்கிறேன். அந்தக் கதவு திறந்தால் முதலில் ஓடி வந்து தடை கேட்பது, கணக்குக் காட்டாத செயலாளராகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் முன்னால் வந்து தடுக்காது என்றால், நிறுத்த வேண்டியவர்கள் ஆசிரியர் நாற்காலியில் இருப்பவர்களும், கைபேசி வைத்திருக்கிற நாமும்தான். இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையில் இது எழுதியே இருக்கிறது. மீறினால் மன்றம் கண்டிக்கலாம், அவ்வளவுதான், அபராதம் போட முடியாது. யூடியூப் சேனல்காரர்கள் அந்த வரம்புக்குள்ளேயே இல்லை.

கைபேசியைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமில்லாமல் படமெடுத்தவரை மட்டும் பிடிப்பதில்லை. அனுப்பினவரையும் பிடிக்கும். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்பிக்க முடியாது. லாட்ஜ் வாசலில் உடுத்திய உடையோடு நிற்கிற வீடியோவுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே நம் மனசாட்சிதான் காவல்.

மோஸ்லி கதையில் இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது. 2008 ஜூன் 3இல் பாரிஸில் எஃப்.ஐ.ஏ.வின் பொதுக்குழு கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. அவர் தொடர 103 பேர், வேண்டாம் என்று 55 பேர். அவரை வைத்திருப்பதா வேண்டாமா என்பதை, தேர்ந்தெடுத்தவர்களே கூடி முடிவு செய்தார்கள். அவர் நல்லவரா என்பது வேறு பேச்சு. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நம் மாவட்டச் சங்கங்களில் பெரும்பாலானவை 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. வருஷத்துக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவுக் கணக்கை அங்கே வைக்க வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆட்டக்காரர்களின் பெற்றோர் இந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். போங்கள். போன வருஷம் பயணப்படிக்கு எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, தேர்வுக் குழுவில் யார் யார் உட்கார்ந்தார்கள், பெண் பிள்ளைகள் புகார் சொல்ல யார் இருக்கிறார்கள், அவர் தொலைபேசி எண் மைதானச் சுவரில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் இலவசமாக உதவி செய்வார்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.