லைன் வீட்டுக்குப் பத்திரம்

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கச் செயலாளர் அவர்களே, “சீக்கிரம் முடிக்கவும்” என்று இப்போதே சீட்டு அனுப்பிவிட்ட பொருளாளர் அவர்களே, மாரிக்குப்பத்திலிருந்தும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மூன்றே விஷயம் பேசப்போகிறேன். ரயில், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மேடு, வீடு.

1880-ல் ஜான் டெய்லர் என்கிற வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனி இந்தக் கோலார் தங்கவயலில் கால் வைத்தது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கவயலுக்கு வந்துவிட்டது. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான்! சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பாறை வெடிப்பில் செத்தவர் போக, மிச்சப் பேர் நெஞ்சில் தூசியோடு மேலே வந்தார்கள். தோண்டியெடுத்த தங்கம் 800 டன் என்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பொன் வைக்கிற இடத்தில் பூவையாவது வைக்க வேண்டாமா ஐயா?

அப்புறம் பிழைப்பு ரயிலுக்குப் போனது. விடியுமுன் வண்டியேறி, பெங்களூரில் வேலை பார்த்து, ராத்திரி திரும்புகிற ஊர் இது. சுரங்கத் தொழிலாளிக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லைன் வீடு. எங்கள் லைனில் ஒரு பெண் பார்க்கும் படலம். பெண்ணின் அப்பா கேட்கிறார்: “மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டா?” மாப்பிள்ளையின் அம்மா, “இல்லிங்க, லைன் வீடுதான். பத்திரம் வரல.” “நிலம் நீச்சு?” “இல்லிங்க.” “சொந்தமா என்னதாம்மா இருக்கு?” அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. “காலை வண்டியில மூணாவது பெட்டி ஜன்னல் சீட்டுங்க. அவங்கப்பா காலத்துல துண்டு போட்டுப் பிடிச்சது. இதுவரைக்கும் ஒருத்தனும் உட்கார்ந்ததில்ல!” கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. விருந்தெல்லாம் முடிந்து மாப்பிள்ளை வேலைக்குப் போனால், ஜன்னலோரத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். வரதட்சணையைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம்!

சிரித்தது போதும். அந்த அம்மா சொன்ன “பத்திரம் வரல” என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டை வரும், தொழிற்சாலை வரும் என்று எல்லா மேடையிலும் கேட்டுவிட்டோம். வரட்டும், வேண்டாம் என்றா சொல்கிறோம்? ஆனால் ஓர் அறையும் அடுப்பு மூலையும் உள்ள வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறவனுக்கு அது சொந்தம் என்று எழுதிக்கொடுங்கள். கையில் பத்திரம் இருந்தால் வங்கியில் கடன் கேட்கலாம். கூரை ஓடுகளை மாற்றலாம். திண்ணையில் தையல் மெஷின் போடலாம், வாசலில் மெஸ் நடத்தலாம். பத்துப் பேர் ஊரிலேயே பிழைத்தால் ரயிலில் பத்து சீட்டு மிச்சம். ரயிலைப் பற்றியும் பேசியாயிற்று, பாருங்கள். பொன் வைக்கிற இடத்தில் பூ என்று நான் சொல்வது இந்தக் காகிதத்தைத்தான்.

சயனைட் மேட்டைப் பற்றிப் பேச ஒரு சாயங்காலம் தனியாக வேண்டும். காற்றடிக்கிற மாதத்தில் கூட்டம் போட்டால் தூசியே வந்து பேசிவிடும்.

பொருளாளர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். பந்தல் வாசலில் மனு இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டு இருந்தால் நகல் இணையுங்கள். கையெழுத்துப் போடாத பாட்டிமாருக்கு மைப்பெட்டி வைத்திருக்கிறோம். டீ அதற்கு அப்புறம்தான்.