நெற்றியில் மட்டும் ஏன் பரு? சேலத்து வெயிலும் நம் பழக்கங்களும்

[காட்சி: மெடிக்கல் ஷாப் கவுண்டர், பின்னால் மருந்து அலமாரி]

போன வாரம் ஒரு அம்மா, காலேஜ் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தார். பெண்ணுக்கு நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு, முடி ஆரம்பிக்கிற ஓரத்தில் இன்னும் நெருக்கமாக. கன்னமும் தாடையும் சுத்தமாக இருக்கின்றன. "சூடுங்க. இந்த வெயிலுக்கு உடம்பு சூடேறிப் போச்சு. சூடு இறங்கட்டும்னு தினமும் ராத்திரி தலைக்கு எண்ணெய் வெச்சு விடுறேன், அப்பவும் போக மாட்டேங்குது" என்றார். நான் அந்தப் பெண்ணிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"தலைக்குக் குளிக்கிறது எப்போ கண்ணு?"

"ஞாயித்துக்கிழமைக்கா."

வாரத்தில் ஆறு நாள் அந்த எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி தலையணை உறைக்குப் போய் அங்கிருந்து மறுபடி முகத்துக்கு வருகிறது. அம்மா அக்கறையாகத்தான் செய்தார், ஆனால் பரு அந்த எண்ணெயால்தான் வருகிறது. கவுண்டரில் நான் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் கதை இப்படித்தான் இருக்கிறது, பரு போக வேண்டும் என்று செய்யும் காரியமே பருவை வளர்க்கிறது. அதனால்தான் இந்த வீடியோ.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டுப் படம், கையால் வரைந்தது]

முதலில் பரு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், ஒரு நிமிஷம்தான் ஆகும். முகத்தில் ஒவ்வொரு முடி வேருக்கும் பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும்போது இந்தச் சுரப்பி பெரிதாகி நிறைய எண்ணெய் விடும், இது பெண்களுக்கும் உண்டு. வேர்த்துளையின் உள்சுவரில் உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் எண்ணெயோடு ஒட்டி, ஒரு சின்ன அடைப்பாக உட்கார்ந்துகொள்ளும். அந்த அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா, அது எல்லோர் தோலிலும் இருப்பதுதான், பெருகும், உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம்.

இதில் அழுக்கு எங்கேயும் வரவில்லை பாருங்கள். மூக்கில் இருக்கிற கரும்புள்ளிகூட அழுக்கு இல்லை. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் காற்றுப் பட்டு, உள்ளே இருக்கும் நிறமியோடு சேர்ந்து கறுத்துப் போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாததற்குக் காரணமும் அதுதான்.

இன்னொரு விஷயம், இதை மட்டும் மறக்காதீர்கள். இன்றைக்குக் கண்ணாடியில் தெரிகிற பரு நேற்று ராத்திரி பிறந்தது இல்லை. உள்ளே அந்த அடைப்பு பல வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்திருக்கும். ஆகவே நேற்று சாப்பிட்ட பிரியாணியைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை, நேற்று பூசிய க்ரீமைப் புகழ்வதிலும் இல்லை.

[காட்சி: தேங்காய் எண்ணெய் பாட்டில், தலையணை உறை]

சரி, எண்ணெய்க்கு வருவோம். தலைக்குப் பூசும் எண்ணெயால் நெற்றியிலும் நெற்றிப்பொட்டுப் பக்கத்திலும் வருகிற பருவுக்கு 1970லேயே தோல் மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள், பொமேட் ஆக்னி என்று. எண்ணெயே வைக்காதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் நம் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ எண்ணெய் தேய்த்து, அன்றைக்கே சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசிவிடுங்கள். தடவும்போது முடியின் நுனிப் பக்கம் போதும், நெற்றி ஓரத்தில் வேண்டாம். தலையணை உறையை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். முன்நெற்றியில் முடியை விழவிடும் ஸ்டைல் இருந்தால், வீட்டில் இருக்கும் நேரமாவது அதைத் தூக்கிக் கிளிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் ஒரே அளவில் பொடியாக, கூடவே நல்ல அரிப்பும் இருந்தால் அது பருவாக இல்லாமல் வேர்த்துளையில் வருகிற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வியர்வையும் எண்ணெயும் சேர்கிற இடத்தில் அது அடிக்கடி வரும். பருவுக்கான ஜெல் அதற்குக் கேட்காது, தோல் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

[காட்சி: ஐந்து ரோடு சிக்னல், ஹெல்மெட்டும் துப்பட்டாவும்]

சேலம் ஐந்து ரோடு சிக்னலில் மதியம் 1 மணிக்கு நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் வருகிற பாதிப் பெண்கள் துப்பட்டாவால் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைக் கட்டியிருப்பார்கள், அதுக்கு மேல் ஹெல்மெட். வெயிலுக்கும் தூசிக்கும் நல்லதுதான், நானும் கட்டுகிறேன். ஆனால் அதே துப்பட்டா திங்கள் முதல் சனி வரை வண்டி டிக்கியிலேயே கிடந்தால், பழைய வியர்வையும் மேக்கப்பும் தினமும் கன்னத்தில் உரசுகிறது. உரசலும் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அந்த இடத்தில் பரு வரும். தாடையில் மட்டும் பரு வருகிற பையன்களிடம் நான் முதலில் கேட்பது ஹெல்மெட் வாரைப் பற்றித்தான். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டி அதைத் தினமும் துவையுங்கள், கழற்ற வருகிற உள்பஞ்சு இருந்தால் அதையும் துவைத்துக் காயவையுங்கள். முகம் கட்ட ரெண்டு காட்டன் துணி வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வியர்வையைத் துண்டால் அழுத்தித் துடைக்காமல் தண்ணீரால் கழுவினால் போதும்.

கழுவுவது என்றால் எத்தனை தடவை? சோப்பு போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ரொம்ப வேர்த்தால் இன்னொரு தடவை. ஏழெட்டுத் தடவை கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், முகம் இழுத்துப் பிடிக்கிற அளவுக்கு. அந்த இழுப்பு தோலின் காப்பு உரிந்துவிட்டதற்கு அடையாளம், எரிச்சல் கூடினால் பருவும் கூடும். கரடுமுரடான ஸ்கிரப், பீர்க்கங்காய் நார், நறநற என்று இருக்கிற பயத்தமாவு, இதெல்லாம் சிவந்த பருவின் மேல் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்டும் தோலைப் புண்ணாக்கும், அப்புறம் அந்தக் கறை பருவைவிட நீண்ட நாள் இருக்கும்.

[காட்சி: ஏற்காடு கொண்டை ஊசி வளைவு, மேகம்]

ஏற்காட்டில் வேலை பார்க்கிறவர்கள், ஹாஸ்டலில் படிக்கிறவர்கள் சொல்வது வேற மாதிரி இருக்கும். "அக்கா, கீழே சேலத்துல இருந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு, மேலே போனதும் வந்துடுச்சு." இருபது வளைவு ஏறியதும் குளிர், தோல் வறள்கிறது, உடனே உடம்புக்குப் பூசுகிற கெட்டி க்ரீமையோ தேங்காய் எண்ணெயையோ முகத்திலும் அப்பிக்கொள்கிறார்கள். தோல் வறண்டாலும் உள்ளே எண்ணெய்ச் சுரப்பி சும்மா இருப்பதில்லை. முகத்துக்குத் தனியாக லேசான மாய்ஸ்சரைசர் வாங்குங்கள், அட்டையில் நான்-காமிடோஜெனிக் என்று போட்டிருக்கும், துளையை அடைக்காது என்று அர்த்தம். மேலே இன்னொன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரம் போகப் போக புற ஊதாக் கதிர் கூடும், ஆனால் காற்று ஜில்லென்று இருப்பதால் வெயில் அடிப்பதே தெரியாது. பரு ஆறின இடத்தில் வருகிற கறுப்புத் தழும்பு வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும். ஜெல் வகை சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல், லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்டில் நின்று போட்டோ எடுக்கிற நாளிலும் போடுங்கள்.

[காட்சி: மாம்பழக் கூடை, தட்டுவடை செட்]

இப்போது மாம்பழம். சேலத்துக்காரர்களிடம் மாம்பழத்தைப் பற்றிப் பேசப் பயமாகத்தான் இருக்கிறது. "மல்கோவா சாப்பிட்டா பரு வரும், சூடு" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மாம்பழ சீசன் எப்போது? ஏப்ரல், மே, ஜூன். ஊரே வேர்த்துக் கொட்டுகிற மாதங்களும் அவைதான். வியர்வையும் ஹெல்மெட்டும் எண்ணெயும் செய்த வேலைக்குப் பழம் பழி சுமக்கிறது என்பது என் கருத்து. ஒரு பழம் சாப்பிடுங்கள், காம்பில் வடிகிற பாலை மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள், அது பட்டால் வாயோரம் புண்ணாகும், அதைத்தான் நிறையப் பேர் பரு என்கிறார்கள்.

தட்டுவடை செட்டில் இருக்கிற எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து வடியாது. கவனிக்க வேண்டியது ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு, அது இன்சுலினைக் கூட்டி, அதன் வழியாக எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் பார்த்ததில், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட டீ, மைதா பிஸ்கெட், ஜவ்வரிசிப் பாயாசம் என்று போனால் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான். ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் பவுடர் குடிக்க ஆரம்பித்த பிறகு பரு வந்ததா? ரெண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள்.

[காட்சி: க்ரீம் ட்யூபின் பின்பக்கம், பெயர் தெரியாமல்]

இனி நான் உண்மையிலேயே கோபப்படுகிற இடம். எனக்கு 19 வயதில் கன்னம் முழுக்கப் பரு. ஒரு கடையில் "முகத்துக்கு நல்லது" என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலு மாதம் பூசினேன். நிறுத்திய மூணாம் நாள் முகம் நெருப்பாக எரிந்தது, முன்பைவிட ரெண்டு மடங்கு பரு, கன்னத்தில் சிவப்பு நரம்புகள், மேலுதட்டில் முடி. அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. சரியாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நான் பி.ஃபார்ம் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், இந்த ஸ்டீராய்டுப் பெயர் இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் முகத்தில் வைக்கவே கூடாது, சட்டப்படி சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, எந்தக் காரணமும் வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தோல் டாக்டரிடம் அந்த ட்யூபையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அப்புறம் கிள்ளுவது. போன் பார்க்கும்போது விரல் தானாகத் தாடைக்குப் போகும். கிள்ளினால் சீழ் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகும், நம் தோல் நிறத்துக்குக் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

லேசான பரு என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் நல்ல ஆரம்பம், 5, 10 சதவீதத்துக்கும் அதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, 2.5இல் எரிச்சல்தான் குறைவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைக்காமல் பரு வருகிற பகுதி முழுக்க மெல்லிசாக, ராத்திரியில். துணியில் பட்டால் நிறம் போய்விடும், பட்டுப்பாவாடை பக்கம் போகவே வேண்டாம். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். அடப்பலீன் என்ற பரு மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தால் கர்ப்பம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா என்று அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆழமாக வலிக்கிற கட்டி, குழி விழுகிற தழும்பு, மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போவதோடு தாடையில் முடியும் பருவும், இதற்கெல்லாம் என் கவுண்டருக்கு வராதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, தனியாரிடம் போகக் காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம்.

[காட்சி: ஜன்னலோரம், போன் கேமரா]

நாளைக்குக் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் மேக்கப், ஃபில்டர் இல்லாமல் நேராக ஒன்று, இடம் வலம் ஒவ்வொன்று என்று மூணு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த போட்டோ நாலு வாரம் கழித்து, அதே ஜன்னல், அதே நேரம். அந்தப் பெண்ணின் போனிலும் கவுண்டரில் வைத்தே எடுத்துக் கொடுத்தேன், அவள் அம்மா பக்கத்தில் நின்று சீயக்காய்த் தூள் ரெண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்.