கண்ணுக்குத் தெரியாதவரை நேசிப்பதே கடினம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பு உள்ளங்களுக்கும், சபையோருக்கும் என் வணக்கம்.

"கத்தோலிக்கரின் அன்றாட வாழ்வில் கடினமானது எது? இறைவனை முழு உள்ளத்தோடு அன்பு செய்வதா, அடுத்திருப்பவரை அன்பு செய்வதா?" இதுதான் நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், அடுத்திருப்பவரை அன்பு செய்வதே கடினம் என்று அடித்துப் பேசினார். கடவுள் நம்மோடு சண்டைக்கு வருவதில்லை, நம் வாசலை மறித்து வண்டியை நிறுத்துவதில்லை, அவரை நேசிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். ஐயா, நீங்கள் சொன்ன அந்தக் காரணமே என் அணிக்குப் போதும். கடவுள் சண்டைக்குக்கூட வருவதில்லை. கஷ்டமே அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நாம் தவறாக நடந்துகொண்டால் அவர் முகமே சொல்லிவிடும். நேற்றுவரை சிரித்தவர் இன்று பார்க்காமல் போனால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே உறைக்கும். கடவுளை ஒரு மாதம் மறந்து பாருங்கள். கதவைத் தட்ட மாட்டார். போன் செய்து "என்னம்மா, ஆளையே காணோம்" என்று கேட்க மாட்டார். கடைசியில், மறந்துவிட்டோம் என்பதே நமக்கு மறந்துபோகும்.

எதிரணித் தலைவர் யோவானின் முதல் திருமுகத்தைக் காட்டினார். நான்காம் அதிகாரம், 20-ஆம் வசனம். கண்முன்னே இருக்கும் சகோதரரை அன்பு செய்யாதவர், கண்ணுக்குப் புலப்படாத கடவுளை அன்பு செய்ய முடியாது. இதைச் சொல்லிவிட்டு, "ஆகவே அடுத்தவரே பெரிய சோதனை" என்று முடித்தார். சரி, அதே வசனத்தை நிதானமாகப் படிப்போம். ஒரு குடத்தைத் தூக்க முடியாதவன் அண்டாவைத் தூக்குவானா என்று நாம் கேட்பதில்லையா? யோவான் கேட்பதும் அப்படித்தான். எளியதையே செய்யாதவன் அரியதை எப்படிச் செய்வான் என்பது அவர் வாதம். இதில் குடம் எது? கண்முன் இருக்கும் சகோதரர். அண்டா எது? கண்ணுக்குப் புலப்படாத கடவுள். எதிரணி தன் முதல் சாட்சியாகக் கொண்டுவந்த யோவான் எந்த அணியில் நிற்கிறார் என்பதை நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்து, கட்டளையின் சொற்களைப் பாருங்கள். மாற்கு நற்செய்தி, 12-ஆம் அதிகாரம். மறைநூல் அறிஞர் ஒருவர் இயேசுவிடம், எல்லாவற்றிலும் முதன்மையான கட்டளை எது என்று கேட்கிறார். இறைவனை அன்பு செய் என்ற அந்தப் பதிலில் "முழு" என்ற சொல் நான்கு முறை வருகிறது. முழு இதயம், முழு உள்ளம், முழு மனம், முழு ஆற்றல். அடுத்திருப்பவரை அன்பு செய் என்ற இரண்டாவது கட்டளையில் அந்தச் சொல் ஒருமுறைகூட இல்லை. அங்கே "உன்மீது நீ அன்புகூர்வதுபோல்" என்று இருக்கிறது. அந்த அளவு நம் கையிலேயே இருக்கிறது. எனக்குப் பசித்தால் என்ன வேண்டும், எனக்கு உடம்பு முடியாவிட்டால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதையே அவருக்கும் செய்தால் போயிற்று. முதல் கட்டளைக்கு இப்படி ஓர் அளவுகோல் இல்லை. இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்ளும் இடமே அதில் இல்லை.

அதே அதிகாரத்தின் கடைசியில் ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறார். இரண்டு சிறு காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறார். மற்றவர்கள் தங்களிடம் மிகுதியாய் இருந்ததிலிருந்து போட்டார்கள், இவர் பிழைப்புக்கு வைத்திருந்த எல்லாவற்றையுமே போட்டார் என்று இயேசு சீடர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார். இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு காசைப் போட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாலும் அது பாதி. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "முழு" என்ற அந்தச் சொல்லுக்கு உருவம் கொடுக்க மாற்குவுக்கு இரண்டு காசு போதுமாக இருந்தது.

நம்முடைய ஒப்புரவு அருட்சாதனத்தையே, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதையே, எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கட்டளைகளில் முதல் மூன்று இறைவனைப் பற்றியவை, அடுத்த ஏழு பிறரைப் பற்றியவை. நாம் முழங்காலில் இருந்து என்ன சொல்கிறோம்? கோபப்பட்டேன், பொய் சொன்னேன், புறணி பேசினேன். அப்புறம், ஞாயிறு திருப்பலிக்கு இரண்டு வாரம் போகவில்லை. அவ்வளவுதான். "சாமி, நான் கடவுளை முழு உள்ளத்தோடு நேசிக்கவில்லை" என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது நடக்கவில்லை என்பதே என் கண்ணில் படவில்லை. கண்ணில் படாத குறையைத் திருத்துவது எவ்வளவு கடினம்!

திருப்பலியில் நற்கருணையை, ஆண்டவரின் உடலாக நாம் நம்பும் அப்பத்தை, வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பும் அந்த இருபது அடியைச் சொல்கிறேன். ஆண்டவர் என் நாவில் இருக்கிறார். அதை முழுமையாக நம்புகிறேன். ஆனால் அந்த இருபது அடிக்குள் என் கண் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்துவிடுகிறது. வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலை மனதில் ஓடுகிறது. உட்கார்ந்து கண்ணை மூடும்போது அவர் கரைந்துவிட்டிருக்கிறார். இதே நான், என் மகள் காய்ச்சலோடு என் மடியில் படுத்தால் ஒரு நிமிடம்கூட வேறு எதையும் நினைப்பதில்லை. அந்த அன்பை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. கடவுள்மீதான அன்பைத்தான் கற்றுக்கொண்டே இருக்கிறேன்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அன்னை தெரேசாவை அழைத்து வந்தார். சாகக் கிடந்தவர்களைத் தூக்கியெடுத்தாரே, அதைவிடக் கடினம் உண்டா என்றார். அந்த அன்னையின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தன. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இருள் இருந்தது, கடவுள் இருப்பதையே உணர முடியாத வெறுமை இருந்தது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. புண்களைக் கழுவுவது தாங்கவில்லை என்று அவர் அழவில்லை. கடவுளின் மௌனத்துக்காகத்தான் அழுதார். அப்படியும் விடவில்லை. 1973 முதல் அவருடைய சபையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் நற்கருணை ஆராதனை. அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய அவிலாவின் தெரேசா, செபத்துக்கே ஆசிரியையாகத் திருச்சபை போற்றுகிறவர். சில ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும் என்று கடிகாரம் அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். செபமாலையின் ஐந்து பகுதிகளில் இரண்டாம் மறையுண்மையிலேயே நம் மனம் எங்கோ போய்விடுகிறதே, அந்தப் போராட்டம் அவருக்கும் இருந்திருக்கிறது.

நல்ல சமாரியரையும் சொன்னார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவரை, ஒரு குருவும் கோயில் பணியாளரான ஒரு லேவியரும் விலகிப் போக, ஒரு சமாரியர் காப்பாற்றிய இயேசுவின் உவமை அது. குருவும் லேவியரும் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் அடிபட்டவரை விட்டுப் போனார்களாம். அப்படியல்ல, ஐயா. எருசலேம் மலைமேல் இருக்கிறது, எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே. குரு அந்த வழியில் "இறங்கி" வந்ததாகத்தான் கிரேக்க மூலம் சொல்கிறது. எருசலேமை விட்டு வந்துகொண்டிருந்தவர் அவர். கோயிலில் அவர் உடல் நின்றிருக்கலாம், முழு இதயம் நின்றிருந்தால் அந்த வழியில் கால் விலகியிருக்காது. லூக்கா 10-ஆம் அதிகாரத்தை அந்த உவமையோடு மூடியும் வைக்காதீர்கள். அடுத்த வசனத்திலேயே மார்த்தா வீடு வருகிறது. விருந்தோம்பலில் மூழ்கிய மார்த்தாவிடம், தம் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் சகோதரி மரியா நல்ல பங்கைத் தேர்ந்தெடுத்தாள் என்கிறார் ஆண்டவர். மார்த்தாவின் உழைப்பை அவர் பழிக்கவில்லை. ஆனால் ஓடி ஓடிச் செய்வதைவிட அமைதியாக அவர் காலடியில் உட்காருவது எவ்வளவு அரிது என்று வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஏழைகளுக்குப் பணி செய்த புனிதர் வின்சென்ட் தே பவுலை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். செபத்தின் நடுவே ஏழை அழைத்தால் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விடுவதுதான் என்று தம் சபைச் சகோதரிகளிடம் சொன்னவர் அவர். உண்மை. ஆனால் ஒருவரை விட்டு எழுந்து போக வேண்டுமானால், முதலில் அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டுமே!

என் மாமியார் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அத்தைக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மகன் பெயர் போனது, என் பெயர் போனது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாம் நான்தான். களைப்பாக இருக்கும், சில நாள் கத்தியும் இருக்கிறேன். ஆனால் வேலை முடிந்ததும் அத்தை என் புறங்கையைத் தடவிக்கொடுப்பார். அடுத்த நாளுக்கு அது போதும். இரவில் பக்கத்தில் உட்கார்ந்து "அருள் நிறைந்த மரியே" என்று நான் தொடங்குவேன். பாதியில் நிறுத்துவேன். எதுவுமே நினைவில்லாத அத்தை, அந்தக் காலத்தில் படித்தபடியே "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று ஒரு சொல் பிசகாமல் மீதியை முடிப்பார். அதை எத்தனை ஆண்டு, எத்தனை இரவு சொல்லியிருந்தால் அது மட்டும் அப்படித் தங்கியிருக்கும்!

அத்தை போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. இப்போதும் இரவில் அதே நாற்காலியில் உட்காருகிறேன். முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் நிறுத்துகிறேன். பதில் குரல் வருவதில்லை. கையைத் தடவ ஆள் இல்லை. அந்த மௌனத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதா, அந்த மூன்று ஆண்டு வேலையா, எது கடினம் என்று என்னைக் கேட்டால், நடுவர் அவர்களே, நான் தயங்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.