மீதிப் பாதியை நீங்கள் பாடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஆங்கில இசையமைப்பாளர் வால்ஃபோர்ட் டேவிஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1869இல் இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரியில் பிறந்தவர். விண்ட்சர் தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடி, 1898இல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞரானார். 1919இல் வேல்ஸில் அபெரிஸ்ட்வித்தில் இசைப் பேராசிரியர், 1922இல் சர் பட்டம். இதெல்லாம் கலைக்களஞ்சியத்திலேயே கிடைக்கும். எனக்கு முக்கியம் 1924 ஏப்ரல் 4. அன்று பி.பி.சி. பள்ளிகளுக்கென்று ஒலிபரப்பைத் தொடங்கியபோது மைக் முன் உட்கார்ந்தவர் இவர்தான்.

வகுப்பறை வானொலியில் அப்போது கூம்பு ஒலிபெருக்கி. அதில் கீழ்ஸ்தாயி சரியாகவே வராது. பியானோவில் இடது கை என்ன வாசித்தாலும் பாதி காணாமல் போகும். தப்பிப்பது குரலும் ஒற்றை மெட்டும்தான். ஆக, வானொலியில் இசை கற்றுத்தர மெட்டைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. டேவிஸ் அதைத்தான் பிடித்தார். பிள்ளைகளையே மெட்டுப் போட்டு எழுதி அனுப்பச் சொன்னார். கேட்பவரைச் சும்மா உட்காரவிடக் கூடாது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

மெட்டுப் போடுவது ஏதோ மாயம் என்று நினைக்காதீர்கள். சங்கராபரண ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மேற்கத்திய இசையில் மேஜர் ஸ்கேல் என்பது அதுதான். நான் பாடுகிறேன்: ச க ப க, ம க ரீ... கேள்வியாகத் தொங்குகிறதா? ரி-யில் நிறுத்தியதால் தொங்குகிறது. இப்போது பதில்: ச க ப க, க ரி சா. வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். முதல் நான்கு ஸ்வரம் இரண்டிலும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். வால் மட்டும்தான் மாறுகிறது.

எங்கே தவறும்? கேள்வியையே ச-வில் முடித்துவிட்டால் பதில் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. பதிலைப் புது ஸ்வரங்களில் ஆரம்பித்தால், அது அண்டைவீட்டுப் பாட்டு ஆகிவிடும். மறுபடியும் சொல்கிறேன்: தலை ஒன்று, வால் வேறு.

இன்னொன்று, மௌனம். வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றாலே நடுக்கம். ஆனால் பதில் பாடக் குழந்தைக்கு இடம் வேண்டுமே! நிமிடத்துக்கு 72 அட்சர வேகத்தில் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம், போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஏழு விநாடி. மூன்று விநாடியில் பேச்சாளர் வாயைத் திறந்துவிட்டால் குழந்தை பாதியில் விழுங்கிவிடும். பதினைந்து விநாடி விட்டாலோ, பெட்டி கெட்டுப்போச்சு என்று யாராவது குமிழைத் திருகுவார்கள். ஆகவே மனசுக்குள் தாளம் போட வேண்டும், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. (நான் இப்போது பார்க்கிறேன், அது வேறு விஷயம்.)

பிறகு 1926 முதல் பெரியவர்களுக்கும் ‘இசையும் சாதாரண நேயரும்’ என்ற வரிசையில் பேசினார். பண்டிதருக்கு இல்லை, சாதாரண நேயருக்கு. தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அவர் இசையமைத்ததைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. 1908இல் ஆர்கனுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக ஒரு நிதானமான மெட்டு எழுதினார். போரில் இறந்தவர்களுக்காக லண்டனில் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் அஞ்சலியில் இன்றும் அதை வாசிக்கிறார்கள். 1918இல் தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோரும் கடற்படையின் விமானப் பிரிவும் ஒன்றாகி அரச விமானப்படை பிறந்தது. அதன் முதல் இசை இயக்குநர் இவர். அதன் அணிவகுப்பு இசையும் இவருடையதே, நடுப்பகுதியில் ஜார்ஜ் டைசனின் கையும் உண்டு. 1934இல் இசையமைப்பாளர் எல்கர் இறந்தபின் மன்னரின் இசைத் தலைவர். போர்க்காலத்தில் பி.பி.சி. இசைப் பிரிவு பிரிஸ்டலுக்குப் போனபோது அவரும் அந்தப் பக்கமே போனார். 1941 மார்ச்சில் அங்கேயே பக்கத்தில் ரிங்டனில் காலமானார். நேரமாகிவிட்டது. வணக்கம்.