ஆகஸ்ட்ல காலேஜ்ல யாரும் இல்லைன்னு யாருங்க சொன்னது

(நம்ம ஊர் நூலக வாசகர் வட்டத்துல பேசுனது. போன்ல ரெக்கார்ட் ஆனத கேட்டு நானே டைப் பண்ணிருக்கேன், நடுவுல கரண்ட் போனப்ப பேசுன ரெண்டு நிமிஷம் மட்டும் இதுல இல்ல.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தலைவர் அய்யா என்னை "இங்கிலாந்து மாணவர் சங்கத் தலைவி"ன்னு சொல்லிட்டாரு, தலைவி எல்லாம் இல்லீங்க, நான் வெல்ஃபேர் ஆபீசர். படிப்பு விஷயம் பாக்க ஒருத்தர், ஸ்போர்ட்ஸுக்கு ஒருத்தர்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, நோவு, மனசு, வாடகை வீடு, ரூம்மேட் சண்டை எல்லாம் என் தலையில. எங்கம்மா கிட்ட போன்ல சொன்னப்ப "அப்ப ஹாஸ்டல் வார்டனா கண்ணு?"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா யாரையும் திட்ட முடியாது.

நம்ம பக்கம் மாணவர் சங்கம்னாலே கொடி, கோஷம், இல்லைன்னா "எங்க காலேஜ்ல அதெல்லாம் கிடையாது". அங்க மார்ச் வாக்குல எலெக்‌ஷன் நடக்கும், ஜெயிச்சவங்க படிப்ப முடிச்சிட்டோ இல்ல ஒரு வருஷம் நிறுத்தி வச்சிட்டோ சம்பளத்துக்கு முழுநேரமா அந்த வேலைய பாப்பாங்க. 1994 கல்விச் சட்டப்படி ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் அந்த சீட்டுல உக்கார முடியாது (இத நம்ம ஊர் சங்கங்களுக்கும் கொண்டாந்தா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, தலைவர் அய்யா மன்னிக்கணும்). என்னை மாதிரி ஸ்டூடண்ட் விசாவுல இருக்கறவங்களும் நிக்கலாம். நான் டிகிரி முடிச்ச கையோட 2024 ஜூலை 1, திங்கக்கிழமை சேர்ந்தேன். வட இங்கிலாந்துல ஒரு ஊரு, பேரு வேண்டாம், காரணம் பின்னாடி புரியும்.

மொத ரெண்டு வாரம் வெறும் ட்ரெய்னிங். சங்கம் அங்க பதிவு பண்ண அறக்கட்டளை, நாங்கெல்லாம் அதுக்கு ட்ரஸ்டி, அதனால பேலன்ஸ் ஷீட் படிக்க ஒரு நாள், தூங்கிட்டேன், அத விடுங்க. என்னை ஆட்டி வச்சது லிஸனிங் ட்ரெய்னிங். கேக்கறதுக்கு என்ன ட்ரெய்னிங், காது இருக்குதில்லன்னு நெனச்சேன். ட்ரெய்னர் அம்மா எதிர்ல உக்காந்து ஸ்டூடண்ட் மாதிரி நடிக்கிறாங்க, "மூணு வாரமா தூக்கமே வரல"ங்கிறாங்க. நான் விடுவேனா, போன தள்ளி வைங்க, சூடா பால் குடிங்க, உள்ளங்கால்ல நல்லெண்ணெய் தேய்ங்கன்னு எங்க அப்பத்தா சொன்னது பூரா இங்கிலீஷ்ல ஒப்பிச்சேன். அந்தம்மா கடிகாரத்த பாத்துட்டு சிரிச்சாங்க. "நாப்பது செகண்ட்ல என்னை குணப்படுத்திட்டீங்க, நான் ஏன் தூங்கலன்னு மட்டும் கேக்கல."

நமக்கு பாசம்னாலே அட்வைஸ்தானுங்களே. சொல்லாம இருந்தா "இவளுக்கு அக்கறையே இல்ல"ம்பாங்க. அங்க நைட்லைன்னு ஒண்ணு இருக்குது, 1970ல எஸ்ஸெக்ஸ் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, ராத்திரி பூரா மாணவர்களே முறை வச்சு போன எடுப்பாங்க, பேரு கேக்க மாட்டாங்க, இத பண்ணு அத பண்ணுன்னு சொல்லவே மாட்டாங்க. அதுக்கு இங்கிலாந்து போகணும்னு இல்ல, நம்ம சென்னைல ஸ்நேகா 1986லேருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இந்த மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அடுத்த நாள் இன்னொண்ணு. ஒருத்தர் ரொம்ப ஒடைஞ்சு பேசுனா, "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா"ன்னு நேரா கேட்றணும். கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துரும்னு பயப்பட வேண்டாம், கேட்டா பாதி பேருக்கு அப்பாடான்னு இருக்கும்னாங்க. இங்கிலீஷ்ல கேட்டுட்டேன், ஒண்ணும் ஆகல. ராத்திரி ரூம்ல கண்ணாடி முன்னாடி தமிழ்ல சொல்லிப் பாத்தா வாயே வரலீங்க. எங்க வீட்டுல அந்த வார்த்தைய யாரும் சொன்னதில்ல, "ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணிக்காத"ன்னுதான் சொல்லுவாங்க. பத்து பன்னெண்டு தடவ சொன்ன அப்புறம்தான் குரல் நடுங்காம வந்துச்சு. அது ஆகஸ்ட்டுலயே தேவைப்படும்னு அப்ப தெரியாது.

ஜூலை கடைசில யுனிவர்சிட்டி ஆளுங்களோட ஒரு மீட்டிங். நிகழ்ச்சி நிரல்ல பன்னெண்டாவதோ பதிமூணாவதோ ஐட்டம், மூணே வரி, கோடைல மாணவர்கள் குறைவு, அதனால ஆகஸ்ட்ல கவுன்சலிங் வாரத்துக்கு ஒரு நாள், லைப்ரரி சாயங்காலம் அஞ்சு மணியோட மூடல். எல்லாரும் தலையாட்டிட்டு அடுத்ததுக்கு போயாச்சு. நான் கைய தூக்கி, "யாரு குறைவு"ன்னேன்.

ஏன்னா பாருங்க, அங்க மாஸ்டர்ஸ் படிப்பு பெரும்பாலும் ஒரே வருஷம், செப்டம்பர் டு செப்டம்பர். டிகிரி பசங்க ஜூன்ல ஊருக்கு கெளம்பிருவாங்க, மாஸ்டர்ஸ் பசங்க அப்பத்தான் டிஸர்டேஷன், அதாவது கடைசி ஆய்வுக் கட்டுரை, எழுத உக்காருவாங்க. அதுல இந்தியா, சைனா, நைஜீரியா பசங்கதான் ஜாஸ்தி. விசா வாங்கும்போதே அந்த ஊர் அரசு வைத்தியத்துக்கு ஹெல்த் சர்சார்ஜ்னு வருஷத்துக்கு 470 பவுண்ட் கட்டிட்டு 2023 செப்டம்பர்ல வந்தவங்க. இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். விசா கணக்குல அவங்களுக்கு அது லீவே இல்ல, டிஸர்டேஷன் குடுக்கற வரைக்கும் டேர்ம்தான், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாத்தா தப்பு. கவுன்சலிங் கணக்குல மட்டும் லீவு! அதே யுனிவர்சிட்டி, ஒரு ஆபீஸ்ல "நீ மாணவன்"ங்குது, அடுத்த ஆபீஸ்ல "மாணவன் யாரும் இல்ல"ங்குது. எங்க கேம்பெய்ன் மொத்தமும் இந்த ஒரு விஷயம்தான், போஸ்டர்ல அந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சு ஒட்டுனோம். அப்புறம் லைப்ரரில மாடி மாடியா நடந்து, நோட்டுல கோடு போட்டு தலைய எண்ணுனோம், காலைல, மத்தியானம், அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் வெளிய அனுப்பறப்பன்னு. கல்யாண பந்தில எலைய எண்ற மாதிரி.

அந்த சமயத்துலதான் அந்த கலவரம். ஜூலை 29, சவுத்போர்ட்ல டான்ஸ் கிளாஸ்ல மூணு சின்னப் பொண்ணுங்கள குத்திக் கொன்னுட்டான் ஒருத்தன், படகுல வந்த அகதின்னு ஆன்லைன்ல பொய்ய பரப்பிட்டாங்க, அவன் பொறந்தது கார்டிஃப்ல. ஊரு ஊரா பத்திக்கிச்சு. ஆகஸ்ட் 4 ஞாயித்துக்கிழமை ராதர்ஹாம் பக்கத்துல அகதிங்க தங்கிருந்த ஓட்டலுக்கே தீ வைக்கப் பாத்தாங்க, மிடில்ஸ்பரோல வீட்டு ஜன்னல உடைச்சாங்க. என் போன் நிக்கவே இல்ல. கடைக்கு போலாமா அக்கா, பஸ் ஏறலாமா, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு எப்படி வரது. ஊர்ல இருக்கற அப்பா அம்மா வேற நியூஸ பாத்துட்டு மணிக்கொரு தடவ போன். வாட்ஸப்புல குரூப் போட்டோம், கடைக்கு நாலு நாலு பேரா போறது, ஷிப்ட் முடியறவங்கள கூட்டிட்டு வர ஆளு, சங்கத்து கிச்சன ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தெறந்து வச்சோம், சாவி என்கிட்டதான்.

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருத்தன், பேரு வேண்டாம், அங்க வந்து உக்காந்தான். டீ ஆறிப்போச்சு. வேலை போச்சு, டிஸர்டேஷன் நகரல, வீட்டுல நெலத்த அடமானம் வச்சு அனுப்பிருக்காங்க, இப்ப வெளிய போகவும் பயம், "எதுக்குக்கா இருக்கணும்"னான். எனக்கு அட்வைஸ் தொண்டை வரைக்கும் வந்துச்சு, சத்தியமா. முழுங்கிட்டு, கண்ணாடி முன்னாடி பழகுனத கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான், அப்புறம் "ஆமாக்கா"ன்னு அழுதான். நான் தனியா தூக்கிச் சுமக்கல, சுமக்கவும் கூடாது, அத ட்ரெய்னிங்ல அடிச்சு சொல்லிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே டாக்டர் லைனுக்கு பேசுனோம், அவன் கூட ஆள் இருந்துச்சு. ஆனா கவுன்சலர பாக்க அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்னாங்க, அதுக்குத்தான் எனக்கு கோவம்.

அடுத்த மீட்டிங்ல கோடு போட்ட நோட்ட மேசைல வச்சேன், கத்தல. மூணு நாள் கவுன்சலிங் கெடைச்சுது, லைப்ரரி ஒம்பது மணி வரைக்கும். பத்து கேட்டோம். கலவரம் வரலைன்னா இதுவும் கெடைச்சிருக்குமான்னா, எனக்கு சந்தேகம்தான்.

அந்தப் பையன் நாள் தள்ளி வாங்கி அக்டோபர்ல டிஸர்டேஷன் குடுத்துட்டான்ங்க, இப்ப நல்லா இருக்கான், இத பேசலாமான்னு அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர்ல புதுசா வர பசங்களுக்கான வேலை தனிக் கதை, டைம் ஆச்சு, வேகமா சொல்லிடறேன். அங்க போனதும் மொத வாரமே பக்கத்து ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், கிட்ட பதிஞ்சிருங்க, ஒடம்புக்கு வந்தப்புறம் ஓடாதீங்க. 25 வயசுக்குள்ளன்னா மெனிஞ்சைடிஸ்ங்கிற மூளைக்காய்ச்சலுக்கு ஊசி, மென் ஏசிடபிள்யூஒய்ம்பாங்க, போட்டாச்சான்னு பாருங்க, அந்தக் காய்ச்சல குடிச்ச தலைவலின்னு நெனச்சு படுத்துட்டா ஆபத்து. வாடகை வீட்டு டெபாசிட் சாதாரணமா அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, 2019 சட்டம், வாங்குன 30 நாளுக்குள்ள வீட்டுக்காரங்க அத அரசு அனுமதிச்ச பாதுகாப்பு ஸ்கீம்ல போட்டுரணும்.

வீட்டையே பாக்காம வாட்ஸப்புல வந்த போட்டோவ நம்பி யாராச்சும் பணம் அனுப்பிருந்தா, இங்க எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டாம், டீ குடிக்கும்போது வாங்க, ரசீது இருந்தா எடுத்துட்டு வாங்க.