சிறையிலிருந்து வந்தவரும் அவர் வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களின் மறுவாழ்வு பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக வேலை பார்க்கிறேன். சிறைக்குள்ளும் போகிறேன், சிறையில் இருப்பவர்களின் வீடுகளுக்கும் போகிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: விடுதலை நாளில் தொடங்கும் மறுவாழ்வு மிகவும் தாமதமாகத் தொடங்குகிறது. ஒருவர் உள்ளே போன அன்றே, அவர் வீட்டில் தொடங்க வேண்டிய வேலை அது.

சம்பாதிக்கிற ஆள் உள்ளே போனதும் முதலில் ஆட்டம் காண்பது வாடகை வீடு. போலீஸ் வந்து போன வீடு என்று ஆகிவிட்டால், "வேற இடம் பாத்துக்கங்கம்மா" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அட்வான்ஸ் பணம் வாடகை பாக்கியிலேயே கழிந்துவிடும். வக்கீல் ஃபீஸுக்காக நகை அடகுக்குப் போகும், அப்புறம் மூழ்கியும் போகும். மாமியார் வீட்டில் "நீ வந்த நேரம்" என்பார்கள். பிறந்த வீட்டில் "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் இங்க வராதே" என்பார்கள். பிள்ளைகளிடம் அப்பா சவுதியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு பிள்ளை உண்மையைப் போட்டு உடைத்துவிடும். மறுநாளிலிருந்து வயிற்று வலி, தலைவலி என்று அந்தக் குழந்தை வீட்டிலேயே இருந்துகொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஊரை விட்டுத் திருப்பூர் போனது. அந்த அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மதுரைச் சிறைக்கு வந்து மனு போட்டுக் கணவரைப் பார்த்துவிட்டுப் போனால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. சில வருஷம் கழித்து அவர் விடுதலையானபோது, தன் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தை வைத்துக்கொண்டு பழைய ஊருக்குப் போய், பழைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது வேறு யாரோ.

அவரைத் திருப்பூரில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு நாங்கள் அலைந்ததெல்லாம் காகிதத்துக்காகத்தான். ரேஷன் அட்டையில் பெயர் இல்லை. வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தது. ஆதாரோடு இணைத்திருந்த போன் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் போய், அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இவருக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆதார் மையத்தில் நம்பரை மாற்றக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். சிறையில் தறி ஓட்டித் தேய்ந்த விரல்கள், ரேகை விழவில்லை. அங்கே இருந்த பெண் ஈரத்துணியால் கருவியைத் துடைத்து, ஒவ்வொரு விரலாக மறுபடி மறுபடி வைக்கச் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஓர் அலுவலகத்தில் இந்த மாதிரி ஓர் ஆள் இருந்தால் போதும், பாதி அலைச்சல் மிச்சம்.

உள்ளே தொழில் கற்றுக்கொடுக்காமல் இல்லை. கோவைச் சிறையில் தறி ஓடுகிறது, வேலூரில் காலணி தைக்கிறார்கள், புழலில் பேக்கரி இருக்கிறது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் உங்களில் பலர் வண்டிக்கு எண்ணெய் போட்டிருப்பீர்கள். புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் ஒன்றை 2023-ல் திறந்தார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் வெளியே வந்து வேலை கேட்டுப் போகிற இடத்தில் "இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு என்ன பதில் சொல்வது? நான் சொன்ன அந்த நெசவாளிக்கு வேலை வாங்கிக் கொடுத்தது எந்தத் திட்டமும் இல்லை, அவர் மனைவிதான். தன் சூப்பர்வைசரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, அவர் மூலமாக ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேர்த்துவிட்டார். அந்த அம்மா மட்டும் மனம் உடைந்து உறவை முறித்துக்கொண்டு போயிருந்தால் இவர் எங்கே போயிருப்பார்?

வீட்டுக்கும் சேர்த்துத்தான் தண்டனை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வ.உ.சிதம்பரனார் ஞாபகம் வருவார். தேசத்துக்காகச் சிறை சென்றவரை நான் மற்ற வழக்குகளோடு சேர்க்கவில்லை. ஆனால் 1908-ல் அவருக்கு விதித்த தண்டனையைக் கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிப்போனது. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, கப்பல் விட்ட மனிதருக்குத் தொழில் செய்ய வக்கீல் சன்னத், அதாவது வழக்காடும் உரிமம், இல்லை. சின்னச் சின்ன வியாபாரம் செய்து பிழைத்தார். சன்னத் திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸை மறக்காமல், தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அவ்வளவு பெரிய மனிதருக்கே திரும்ப நிற்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. திருட்டு வழக்கில் போய்வந்த கூலித் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, உள்ளே போனவர் என்றாலே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அதையும் சொல்ல வேண்டும். 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கு முடியாதவர்கள். இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது, ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களை நினைத்துத்தான். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பிணை கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், பணம் கட்டினால்தான் ஜாமீன் என்கிற நிலையில் இருப்பவருக்குப் பண உதவி உண்டு. தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட வழியில்லாமல் இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரை. இதையெல்லாம் உள்ளே இருப்பவர் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது நேராக நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம், வருமானச் சான்று கேட்க மாட்டோம். குழந்தைகளைப் பராமரிக்க முடியாத நிலையில் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள். மிஷன் வாத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், தகுதி இருந்தால், ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும்.

"பாதிக்கப்பட்டவனை விட்டுவிட்டு, செய்தவனுக்காகப் பேசுகிறீர்களே" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொருளையோ பிள்ளையையோ இழந்தவர்களின் வீட்டிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்கான இழப்பீட்டு மனுவும் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வருகிறது. அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியதை முழுதாகச் செய்ய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வெளியே வந்தவரைப் பட்டினி போட்டால், அதனால் அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. வேலை கிடைக்காமல் அவர் பழைய கூட்டாளிகளிடமே திரும்பிப் போனால், அடுத்த இழப்பு இன்னொரு வீட்டுக்கு.

கடைசியாக, வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். தண்டனைக் கைதி ஒருவர் விடுப்பு கேட்டாலோ, முன்விடுதலைக்கு அவர் பெயர் வந்தாலோ, நன்னடத்தை அலுவலர் அவர் ஊருக்கு வந்து விசாரிப்பார். வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களா, வந்தால் தெருவில் பிரச்சினை வருமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுவார். தாயின் சாவுக்கு வர முடியுமா, மகள் சடங்கில் நிற்க முடியுமா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? "எங்களுக்கு எதுக்கு சார் வம்பு" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். அலுவலர் வேறு என்ன எழுத முடியும்? அப்படி ஓர் அலுவலர் உங்கள் தெருவுக்கு வந்தால் உட்காரச் சொல்லுங்கள். அந்த மனிதரைப் பற்றி நல்லதோ கெட்டதோ, உங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள். பயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், என்ன செய்தால் அந்தப் பயம் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பது உங்கள் கண்ணில் படுகிறது அல்லவா, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டறையோ கடையோ வைத்திருப்பவராக இருந்தால், "வந்தால் நான் வேலை தருகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அலுவலரிடம் கொடுத்தனுப்புங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.