பிளாஸ்க்குக்குள் ஆறு பேர்: விண்கலத்தின் வெப்பப் பொறியாளர்கள்

[காட்சி: சமையலறை மேடை. பிளாஸ்க்கில் காபி ஊற்றப்படுகிறது. ஆவி எழுகிறது. மூடி திருகப்படுகிறது.]

காலையில் ஊற்றி வைத்த காபி மதியம் திறந்தாலும் சூடாக இருக்கிறது. பிளாஸ்க்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லை என்பதால், சூடு வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

அதே பிளாஸ்க்குக்குள் ஆறு பேரைக் குடியமர்த்திப் பாருங்கள். கூடவே கணினிகள், விளக்குகள், ஆய்வுக் கருவிகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடலே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் அப்படிப்பட்ட பிளாஸ்க்தான். சுற்றிலும் வெற்றிடம்.

[காட்சி: பூமியைச் சுற்றும் நிலையம். வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் நுழைகிறது.]

விண்வெளி என்றதும் குளிர்தான் நம் நினைவுக்கு வருகிறது. அங்கே வெயில் படும் பரப்பு 120 டிகிரி செல்சியஸ் வரை சுடும். நிழலில் இருப்பது மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே போகும். நிலையம் சுமார் 90 நிமிடத்தில் ஒரு சுற்று முடிப்பதால், ஒரே நாளில் இப்படிப் பதினாறு பகல்கள், பதினாறு இரவுகள். பளபளக்கும் பல அடுக்குப் போர்வை சுவரைப் பெருமளவு காத்துவிடுகிறது. ஆனால் உள்ளே பிறக்கும் சூட்டை வெளியேற்ற எந்தப் போர்வையும் உதவாது. மனிதர் வாழும் கலத்தில் வெப்பப் பொறியாளரின் பெரிய வேலை அதுதான்.

[காட்சி: நிலையத்தின் உள்ளே. தூங்கும் விண்வெளி வீரர். அருகே மெல்லச் சுழலும் மின்விசிறி.]

நம் வீட்டில் சூடான காற்று தானாக மேலே போகும். எடையற்ற நிலையில் மேல் என்பதே கிடையாது. விசிறி நின்றால், மூச்சில் வெளிவந்த காற்றும் உடலின் சூடும் ஆளைச் சுற்றியே தேங்கிவிடும். அதனால் காற்று எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காற்றின் சூட்டையும் கருவிகளின் சூட்டையும் குழாய்களில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. இதில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று சுமார் 4 டிகிரி, மற்றொன்று சுமார் 17 டிகிரி. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது. பனிக்கட்டி போட்ட தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 4 டிகிரிச் சுற்று வேண்டுமென்றே அப்படி வியர்க்க வைக்கிறது. காற்றின் ஈரம் அங்கே நீராகப் பிரிந்து, சுத்திகரிக்கப்பட்டு, குடிநீராகத் திரும்புகிறது. 17 டிகிரிச் சுற்றோ வியர்க்கவே கூடாது. மின்கருவிகளைக் குளிர்விக்கும் தகட்டில் ஒரு துளி நீர் அரும்பினாலும் ஆபத்து.

[காட்சி: வரைபடம். உள்ளே நீலக் குழாய், வெளியே மஞ்சள் குழாய், நடுவே வெப்பப் பரிமாற்றி.]

தண்ணீரை அப்படியே வெளியே அனுப்பினால் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். அமோனியா மைனஸ் 77 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். ஆனால் அது நச்சு, மனிதர் இருக்கும் இடத்தில் ஓடக்கூடாது. ஆகவே உள்ளே தண்ணீர், வெளியே அமோனியா. இரண்டும் கலக்காமல் ஒரு பரிமாற்றியில் சூடு மட்டும் கைமாறுகிறது. அமோனியா அதை 20 மீட்டருக்கும் மேல் நீளமான ரேடியேட்டர்களுக்கு, அதாவது சூட்டை வெளியேற்றும் பலகைகளுக்கு, கொண்டுபோகிறது. சூட்டைத் தொட்டு வாங்கவோ சுமந்து செல்லவோ வெற்றிடத்தில் எதுவும் இல்லை. ரேடியேட்டரிலிருந்து கதிர்வீச்சாகத்தான் வெப்பம் விண்வெளிக்குப் போகிறது. இப்படி இரண்டு அமோனியாச் சுற்றுகள். ஒவ்வொன்றும் 35 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும்.

[காட்சி: கறுப்புத் திரை. எச்சரிக்கை ஒலி.]

2010 ஜூலை 31. உறங்கிக்கொண்டிருந்த ஆறு பேரையும் அலாரம் எழுப்பியது. ஓர் அமோனியாச் சுற்றின் பம்ப் நின்றுவிட்டது. குளிர்விக்கும் திறனில் பாதி போய்விட்டது. அப்போது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் வெப்பத்தைக் கவனிக்கும் இருக்கைக்குத் 'தோர்' என்று பெயர். எதை அணைப்பது, எதை ஓடவிடுவது, மிச்சமுள்ள ஒரு சுற்று எவ்வளவு சுமை தாங்கும்? அங்கே இருந்தவர்கள் இந்தக் கணக்கைத் தவறின்றிப் போட்டாக வேண்டியிருந்தது. பம்பை மறுபடி ஓட்டும் முயற்சியும் பலிக்கவில்லை.

உதிரி பம்ப் நிலையத்தின் வெளியே தயாராக இருந்தது. அதன் நிறை சுமார் 350 கிலோ. ஆகஸ்ட் 7 அன்று விண்வெளி வீரர்கள் டக் வீலாக்கும் டிரேசி கால்ட்வெல் டைசனும் வெளியே போனார்கள். பழைய பம்பில் நான்கு திரவ இணைப்புகளைக் கழற்ற வேண்டும். மூன்று கழன்றன. நான்காவது அசையவில்லை. தட்டிப் பார்த்தார்கள், அமோனியா பனித்துகள்களாகச் சிதறியது. இணைப்பை மறுபடி மூடிவிட்டு, உடையில் அமோனியா ஒட்டியிருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே உள்ளே வந்தார்கள். மொத்தம் 8 மணி 3 நிமிடம்.

விடை தரையிலிருந்து வந்தது. குழாயில் இருந்த அழுத்தமே அந்த இணைப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று கருதிய பொறியாளர்கள், அடுத்த விண்நடைக்கு முன் அழுத்தத்தைக் குறைத்தார்கள். ஆகஸ்ட் 11 அன்று இணைப்பு கழன்றது. 16 அன்று புதிய பம்ப் பொருத்தப்பட்டது.

[காட்சி: வெற்றிட அறை. மின்கம்பிகள் சூழ நிற்கும் விண்கலம்.]

இந்த வேலையில் பெரும்பகுதி இப்படிப் பரபரப்பாக இருக்காது. கலத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் மாதிரி அமைப்பார்கள். பிறகு உண்மைக் கலத்தையே வெற்றிட அறையில் வைத்து, சூடாக்கியும் குளிர்வித்தும், கணக்கோடு ஒப்பிடுவார்கள். கணக்கு பிசகினால் காரணம் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். திருகு போட்டு இறுக்கிய இரண்டு தகடுகள் முழுமையாகத் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. தரையில் இடைவெளிகளைக் காற்று நிரப்புகிறது. வெற்றிடத்தில் அது கிடையாது. அந்த மயிரிழை இடைவெளிக்கு எதை வைத்து நிரப்புவது என்பதற்கே தனிச் சோதனைகள் நடக்கும்.

[காட்சி: ஓடுதளத்தில் இறங்கும் அட்லாண்டிஸ்.]

2011 ஜூலையில் விண்வெளி ஓடங்களின் கடைசிப் பயணமாக அட்லாண்டிஸ் தரையிறங்கியது. அதன் சரக்கு அறையில் பழுதான அந்தப் பம்பும் இருந்தது. ஏன் நின்றது என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்க்கப் பொறியாளர்கள் ஓராண்டாகக் காத்திருந்தார்கள்.